வாரத்துக்கு விட்ட மாடு

அன்றைக்குக் கடையில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். தராசுக்குப் பின்னால் நான். தரையில் கிடந்த இலைதழைகளைக் குனிந்து சாக்கில் அள்ளிக்கொண்டு செல்லம்மாக்கா. வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டு, பின்தெரு டீச்சரம்மா. இஞ்சி வாங்க எதிர்க்கடையிலிருந்து வந்து நின்ற டீ மாஸ்டர். படியில் ஒரு கால் வைத்து, கையில் மஞ்சள் பையோடு அவன். ஐந்து பேர். மாட்டையும் சேர்த்தால் ஆறு.

மாடு அங்கே இல்லை. எங்கேயுமே இல்லை. ஆனால் அன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

"ஏலே, ஒங்க மாடு எந்தத் தெருவுல கட்டிக் கெடக்கு?" என்று செல்லம்மாக்கா நிமிராமலே கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அவனைச் சொல்லியாக வேண்டும்.

அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. எங்கள் முக்கில் அதை யாரும் கூப்பிட்டதில்லை. மாட்டுக்காரத் தம்பி என்பார்கள். என் செல்போனில் இன்றைக்கும் 'மாடு' என்றுதான் பதிந்திருக்கிறது.

என் கடை குத்துக்கல்வலசையில், மெயின் ரோட்டிலிருந்து புது வீடுகளுக்குப் பிரிகிற முக்கில் இருக்கிறது. காய்கறிக் கடை. எட்டாவது படிக்கும்போது டைபாய்டு வந்து படுத்தேன். எழுந்தபோது பாடமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "ஒடம்பு தேறுத வரைக்கும் கடையில இரு" என்றார் அப்பா. உடம்பு எப்போதோ தேறிவிட்டது. கடையில்தான் இருக்கிறேன். மனைவி மகளின் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போனாள். பேரனுக்கு அடுத்துப் பேத்தி, பிறகு மகளுக்கு வேலை என்று அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. பொங்கலுக்கு வருவாள். சாயங்காலம் போனில் "சாப்ட்டியளா" என்று கேட்பாள். "ஆச்சு" என்பேன். மூன்று பரோட்டா, சால்னா. சர்க்கரை இருப்பதை அவளிடம் சொல்லவில்லை.

எனக்குப் பயந்த சுபாவம். ஷட்டரைப் பூட்டிவிட்டு முக்கு வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பாவூர்சத்திரத்திலிருந்து காய் வண்டி வரக் கொஞ்சம் நேரமானால் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவேன். யாராவது இருமினால் எனக்கு நெஞ்சு வலிக்கும். இப்படிப்பட்டவன் கண்ணில்தான் அவன் வந்து விழுந்தான்.

சாரல் விழுகிற ஒரு சாயங்காலம். அவனுக்கு நீண்ட கழுத்து, சட்டை காலருக்குள் இன்னொரு கழுத்து போகிற அளவுக்கு இடமிருந்தது.

"அண்ணாச்சி, கீழ கெடக்க எலையெல்லாம் வெளிய கொட்டத்தான போறிய?"

"ஆமா. ஏன்?"

"எடுத்துக்கிடட்டுமா?" கொஞ்சம் நிறுத்தினான். பிறகு சொன்னான்: "மாட்டுக்கு."

முள்ளங்கி வாங்குகிறவர்கள் இலையைத் திருகிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். பீட்ரூட்டுக்கும் அதே கதி. காலிஃபிளவர் தண்டு, முட்டைக்கோசின் மேல் இலை, கட்டிலிருந்து ஒடிந்து விழுந்த முருங்கைக்கீரை எல்லாம் கடைவாசலில் மிதிபட்டுக் கிடக்கும். அதில் ஒரு பங்கைச் செல்லம்மாக்கா தன் மாடுகளுக்கு அள்ளிக்கொண்டு போவாள். மிச்சத்தைக் குப்பை வண்டியில் போடுவேன். எடுத்துக்கோ என்றேன்.

மாட்டுக்கு எடுக்கிறவர்கள் வாரி அள்ளுவார்கள். அவன் உட்கார்ந்து பொறுக்கினான். ஒவ்வொரு இலையையும் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். பழுத்ததைத் தள்ளினான். முடிந்ததும் வாழை நார் கிழித்துக் கட்டாகக் கட்டினான். நான் விற்கிற கீரைக்கட்டே அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

"மாட்டுக்குத்தானலே, இந்தப் பார்வை பாக்கே?"

"எங்க மாடு கொஞ்சம் கௌரவம் பாக்கும், அண்ணாச்சி."

பிறகு தினமும் வந்தான். மாட்டைப் பற்றி ஒவ்வொரு செய்தியாகத் தெரியவந்தது. பூச்சி அரித்ததைத் தொடாது. நேற்று முள்ளங்கி இலை என்றால் இன்றைக்கு பீட்ரூட் இலை வேண்டும். ஒரே தீனியை மறுநாளும் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலிஃபிளவர் தண்டு பிடிக்கும், ஆனால் தோல் சீவிக் கொடுக்க வேண்டும். தோல் சீவித் தின்கிற மாட்டைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது கவலைதான். பல்லில் கோளாறு இருக்கும், மாட்டு டாக்டரிடம் காட்டு என்று சொன்னேன். காட்டுதேன் என்றான்.

தனக்கென்று அவன் வாங்குவது பத்து ரூபாய்க்குச் சின்ன வெங்காயம், ஒரு கை பச்சை மிளகாய். விலை இறங்குகிற நாளில் ஓர் எலுமிச்சம்பழம். பக்கத்துப் பலசரக்குக் கடையில் பாசிப்பயறும் கம்பும் வாங்கி வருவதைப் பார்ப்பேன். கொசுறாக ஒரு கொத்து மல்லித்தழையை அவன் பையில் போட்டேன் ஒருநாள். எடுத்து மறுபடி தட்டில் வைத்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுல கெடக்கு."

"மாட்டுக்குலே."

"மாட்டுக்கா? அப்பச் சரி."

அவனுடைய குணம் மொத்தமும் அந்த மல்லித்தழையில் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

ஒருநாள் மனைவி போனில், "வீட்டு வாசல அனாதையாப் போட்டுறாதீய, வெள்ளிக்கெழமையாவது சாணி தெளிங்க" என்றாள். மாட்டுக்காரத் தம்பி இருக்கும்போது எனக்கென்ன குறை? ஒரு கைச் சாணி கொண்டு வா என்று அவனிடம் சொன்னேன். அவன் கண்ணைக் கொட்டிக்கொண்டு நின்றான். வெள்ளிக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாழை இலைப் பொட்டலத்தோடு நின்றிருந்தான். முழங்கையில் முள் கிழித்த கோடு. சாணி வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் செல்லம்மாக்கா வந்து, "சாணியக் களவாங்குத காலம் வந்துட்டு தம்பி. வேலியப் பிரிச்சுல்லா உள்ள வந்திருக்கான்" என்று புலம்பினாள். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வீட்டு வேலி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

விளங்கியது ஒரு மழை நாளில். அவன் இலை பொறுக்கிவிட்டுப் போன இடத்தில் கழுத்தில் மாட்டுகிற காலேஜ் அட்டை ஒன்று கிடந்தது. அவன் படம்தான். இரண்டாம் ஆண்டு என்று போட்டிருந்தது. படிக்கிற பிள்ளை என்று அவன் சொன்னதே இல்லை. அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்களோ, பரீட்சை எழுத முடியாமல் போய்விடுமோ என்று அட்டையை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தேன். கடையை டீ மாஸ்டரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுக் குடை பிடித்துக்கொண்டு தேடிப் போனேன். விசாரித்த வீட்டம்மா, "மாடியில இருக்கான்" என்று கை காட்டினாள்.

படியேறும்போது, மாட்டை மாடியிலா கட்டியிருக்கிறான், எப்படி இறக்குவான் என்று உண்மையாகவே நினைத்தேன்.

மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கதவு பாதி திறந்திருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் பச்சையாக ஒரு குன்று. என் கடை முள்ளங்கி இலைதான், பொரியலாகியிருந்தது. பக்கத்தில் முளைகட்டிய பயறு, ஓர் அவித்த முட்டை, உருண்டையாகக் கம்பங்களி. சுவரில் சாய்த்து வைத்த போனில் அவன் அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியாய்யா?"

"சாப்ட்டுட்டுத்தாம்மா இருக்கேன். மெஸ்ஸுல இன்னைக்குக் கீரைப் பொரியல், பயறு, முட்ட."

"கூட யாரு இருக்கா?"

"எல்லாவனும் இருக்கானுவ. உள்ள ஒரே சத்தம். அதான் வெளிய வந்து பேசுதேன்."

அங்கே தகரத்தில் விழுகிற மழையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

"தல சுத்துதாய்யா?"

"இல்லம்மா. போன வருசம் மாதிரி விழ மாட்டேன். அப்பாட்ட சொல்லு."

"அவிய சொல்லுததும் சரிதானய்யா. ஒடம்புல ரத்தமே இல்லன்னு டாக்டர் சொன்னதுல பயந்துட்டாவ. இன்னொரு தடவ ஆஸ்பத்திரின்னு வந்துட்டா படிப்பு வேண்டாம், ராயகிரிக்கே வந்துரட்டும், வயல் வேலை பாத்துக்கிடலாம்ங்காவ."

"அதான் ஒழுங்காத் திங்கேம்லா. நீ அழாத."

அட்டையைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் ஒரு கணம் நின்றேன். படுத்து எழுந்தால் வகுப்பு போய்விடும் என்பது எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்?

அன்றிலிருந்து என் கவலைகளில் அவனும் சேர்ந்துகொண்டான். அந்த இலைகளில் மருந்து அடித்திருப்பார்களே? "மாட்டுக்குப் போடுததா இருந்தாலும் உப்புத் தண்ணியில நல்லா அலசிப் போடு" என்றேன். "அலசித்தான் போடுதேன் அண்ணாச்சி" என்றான். நல்ல காயாக நாலு எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தேன். வளைந்த கேரட் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான இருக்கு, தவறி விழுந்துட்டு" என்று மறுபடி தட்டில் வைத்துவிட்டான். அவனை ஏமாற்ற வழி ஒன்றுதான் இருந்தது. காயைக் கெடுக்க வேண்டும். அவன் வருகிற நேரம் பார்த்து, பழுத்த தக்காளியில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிக் கீழே உருட்டுவேன். முருங்கைக் கட்டில் இரண்டு கொப்பை ஒடித்துவிடுவேன். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொள்வேன், என் சொந்தக் கடையில்.

பார்த்தது செல்லம்மாக்கா.

இப்போது அந்த நாளுக்கு வரலாம்.

"ஏலே, ஒங்க மாடு எந்தத் தெருவுல கட்டிக் கெடக்கு?"

"அங்கன... வடக்க."

"வடக்க எங்கன? வடக்க எனக்குத் தெரியாத மாடு கெடையாது. ஒண்ணு எரும, இன்னொண்ணு பல்லு போனது. ஒம் மாடு என்ன நெறம்?"

"செவல."

"கொம்பு எப்படி?"

"இருக்கு."

டீ மாஸ்டர் இஞ்சியை வைத்துக்கொண்டு சிரித்தார். செல்லம்மாக்கா சாக்கைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நீ இங்கன வர ஆரம்பிச்சதுக்கு அப்புறந்தாம்லே என் தொழுவத்துல சாணி காணாமப் போச்சு. மாடு வச்சிருக்கவன் அடுத்தவன் தொழுவத்துக்கு எதுக்குலே வாரான்?"

டீச்சரம்மா வெண்டைக்காய் ஒடிப்பதை நிறுத்தினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அந்த மாடி ரூம்ல இருக்க காலேஜ் பையன்தான? அந்த வீட்டுல மாடு ஏது?" குரலில் கெட்ட எண்ணம் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவன் காதுகள் சிவந்துவிட்டன. படியில் வைத்திருந்த கால் மெல்லப் பின்னால் போனது. அந்தக் கால் கீழே இறங்கினால் மறுபடி ஏறாது. இந்தக் கடையில் மட்டுமல்ல, எந்தக் காய்கறிக் கடையிலும் அவன் இனிக் குனிய மாட்டான். நாலு நாள் டீயும் பன்னும் தின்பான். ஒருநாள் வகுப்பில் விழுவான். ராயகிரியிலிருந்து அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார். இவ்வளவும் அந்தக் கால் அரையடி நகர்வதற்குள் எனக்குத் தோன்றிவிட்டது. பயந்த சுபாவத்துக்கு இது ஒன்றுதான் லாபம், எல்லாம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

"அக்கா, அது என் மாடு" என்றேன்.

"என்னது?"

"என் மாடுதான். ராயகிரியில இவன் அப்பாட்ட வாரத்துக்கு விட்டிருக்கேன்."

வாரத்துக்கு விடுவது எங்கள் பக்கம் உள்ள வழக்கம்தான். மாடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர். விற்றாலும் கன்று போட்டாலும் ஆளுக்குப் பாதி. செல்லம்மாக்காவுக்குத் தெரியாததல்ல. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ராயகிரிக்கு இவன் சனிக்கெழம போனாப் போவான். எலய தெனமும்லா வாங்குதான்?"

"சேத்து வைக்கான்."

"வாரம் பூரா சேத்து வச்ச எலய மாடு திங்குமாக்கும்?"

"வாரத்துக்கு விட்ட மாடுல்லா" என்றார் டீ மாஸ்டர். "வாரத்துக்கு ஒரு தடவதான் திங்கும்."

டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செல்லம்மாக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். "தம்பி, பூட்ட நாலு தடவ இழுத்துப் பாக்குத ஆளு நீ. மாட்ட எவன்ட்டயோ விட்டுட்டு நீ ஒறங்குதியாக்கும்?"

"ஒறக்கம் வரலதான்க்கா" என்றேன். அது பொய்யில்லை.

அவள் அவனுடைய எலும்பு தெரிகிற மணிக்கட்டைப் பார்த்தாள். பைக்குள் எட்டிப் பார்த்தாள், வாழை நார் கட்டுப் போட்டு அடுக்கியிருந்த இலைகளை. ஆயுசு முழுக்க வாயில்லாத ஜீவன்களோடு இருந்தவள். தன் சாக்கிலிருந்து ஒரு அள்ளு முருங்கைக்கீரையை எடுத்து அவன் பைமேல் வைத்தாள்.

"ராயகிரி மாட்டுக்கும் கொஞ்சம் போவட்டும். ஆனா சாணிய ஒங்க மாட்டுலயே எடுத்துக்கோ, என்ன?"

சரி என்று அவன் தலையாட்டினான். வெங்காயத்துக்குப் பத்து ரூபாய் வைத்துவிட்டு, வெங்காயத்தை எடுக்காமலே போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் அமுக்கி வைத்த தக்காளிகள் ஈ மொய்த்துக் கிடந்தன. மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்பினேன். தப்பான வார்த்தை சொல்லிவிட்டேனோ, பிள்ளைக்கு அவமானமாகிவிட்டதோ என்று பரோட்டாவைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் கடை சாத்தப் போகும்போது படியில் அந்தக் கால் தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒங்க மாட்டுக்கு எல எடுத்துக்கிடட்டுமா?"

"நம்ம மாடு" என்றேன்.

அவன் அந்த வெங்காயத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு முழுக்க மாட்டைப் பற்றித்தான். தெரிந்ததாக நானும் காட்டிக்கொள்ளவில்லை, அவனும் கேட்கவில்லை. மாட்டுக்கு ஜலதோஷம் என்பான், தூதுவளை கொடுத்துவிடுவேன். மாடு எடை கூடியிருக்கிறது என்பான், அன்றைக்கு எனக்கு வியாபாரம் நன்றாக நடந்த மாதிரி இருக்கும். ஒருநாள் சொன்னான்:

"மாட்டுக்கு நாளைக்குப் பரீட்ச, அண்ணாச்சி."

"நல்லா எழுதச் சொல்லு. பேனா ரெண்டு கொண்டு போவச் சொல்லு."

குற்றாலத்தில் சீசன் நேரம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தருவிப் பக்கம் ஒரு பழக்கடையில் பலாப்பழம் அறுக்கப் போவான். குளித்துவிட்டு வருகிறவர்கள் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிவிட்டுப் போவார்கள். கடையில் உரித்த சுளையின் கொட்டைகளைச் சுத்தமாகச் சேர்த்துக் கூலியோடு வாங்கி வருவான். ஒரு ஞாயிறு சாயங்காலம் கையெல்லாம் பலாப் பாலும் எண்ணெயுமாக வந்து, ஒரு பொட்டலத்தைத் தராசில் வைத்தான்.

"மாட்டுக்கு மிஞ்சிட்டு. நீங்க வேக வச்சுத் தின்னுங்க."

"எனக்கு எதுக்குலே?"

"தெனமும் பரோட்டாப் பொட்டலந்தான தூக்கிட்டுப் போறிய. மாடுகூட அத மோந்து பாத்துட்டு அந்தப் பக்கம் போயிரும். வயிறு அடங்கிரும் அண்ணாச்சி, ஒடம்பு ஏமாந்துரும்."

நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியே அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பரோட்டா மூன்றிலிருந்து இரண்டானது அந்த வாரம்தான்.

கடைசி வருஷத்தில் ஒருநாள், "மாடு எப்படி இருக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டேன். பீட்ரூட் இலையை உதறிக்கொண்டே சொன்னான்: "இருக்கு. ரெண்டு மூணு நாளா யாருட்டயும் பேசல."

"ஏன், என்னவாம்?"

"ஆளு வேணும்லா பேசுததுக்கு. மத்தியானம் எல்லாவனும் கேண்டீனுக்குப் போயிருதானுவ. மாடு பின்னால மரத்தடியில டப்பாவத் தெறந்து தின்னுட்டு வந்துருது. மொத வருசம் அவனுவ கூடத்தான் உக்காந்துச்சு. டப்பாவப் பாத்துட்டு ஒருத்தன் 'ம்மா'ன்னான். அப்புறம் வகுப்புல எல்லாவனும் அப்படித்தான் கூப்புட்டானுவ."

இலையைக் கட்டி முடிச்சுப் போட்டான். "மொத நாளு நீங்க எதுக்குன்னு கேட்டுருவியளோன்னு நெனச்சேனா, வாயில அந்த மாடுதான் வந்துட்டு."

நான் தராசுத் தட்டைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. மாட்டைக் கடையில் வந்து சாப்பிடச் சொல் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மல்லித்தழை மாதிரி எடுத்துத் திருப்பி வைத்துவிடுவானோ என்று விழுங்கிவிட்டேன். "நாளைக்கு முருங்க வரும். மாட்டுட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

அவன் விழவில்லை. படிப்பு முடிகிற வரை ஒரு தடவைகூட விழவில்லை.

ஒருநாள் பை இல்லாமல் வந்தான். தேய்த்த சட்டை. காலருக்குள் கழுத்து சரியாக இருந்தது.

"அண்ணாச்சி, மாட்ட வித்துட்டேன்."

"யாரக் கேட்டு வித்தே?"

"ஓசூர்ல வேலை கெடச்சிட்டு. அங்கன கட்ட எடம் கெடையாது."

"எவ்வளவுக்குப் போச்சு?"

"எட்டாயிரம்."

"எட்டாயிரத்துக்கு நல்ல ஆடுகூட வராதுலே."

"மெலிஞ்ச மாடுல்லா." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பணம் வந்தால் பேசுகிற பெட்டியைப் பார்த்தான். "ஒங்க பங்கு நாலாயிரம். மாசாமாசம் எரநூறு அனுப்புதேன்."

எனக்கு எதற்குப் பணம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மல்லித்தழை ஞாபகம் வந்தது.

"தவண தப்பக் கூடாது" என்றேன்.

தப்பவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அந்தப் பெட்டி, கோயம்புத்தூர்க்காரி மாதிரி பேசுகிற ஒரு பெண் குரலில், இருநூறு ரூபாய் வந்ததாகச் சொல்லும். எவ்வளவோ இருநூறு ரூபாய் வருகிறது. ஆனால் அது அவனுடையது என்று எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு நாள் தாமதமானால் காய்ச்சலோ, தலைசுற்றலோ என்று ஆரம்பித்துவிடுவேன். பெட்டி பேசிவிட்டால் சரி. விழவில்லை, சாப்பிடுகிறான். அதற்குமேல் அந்தப் பணத்தில் எனக்கு ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் செல்லம்மாக்கா முழங்கால் வலியால் மாடுகளை விற்றுவிட்டாள். கடைவாசலில் இலை அள்ள இப்போது யாரும் வருவதில்லை. ஒருநாள் சாத்தும்போது முள்ளங்கி இலை ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன். பழுத்ததைத் தள்ளி, உப்புத் தண்ணீரில் அலசி, பாசிப்பயறு போட்டு வதக்கினேன். கசந்தது. அவன் அதில் என்ன போட்டான் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டேன்.

இந்த மாதம் பெட்டி பேசியபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. இன்னும் ஒரு தவணைதான் பாக்கி. அடுத்த இருநூறு வந்துவிட்டால் மாட்டுக் கணக்கு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவன் விழுந்தானா, எழுந்தானா என்று எனக்கு யார் சொல்வார்கள்? அந்த வாரம் பூட்டை எத்தனை தடவை இழுத்தேன் என்று தெரியாது. கடைசியில் போனை எடுத்து 'மாடு' என்ற பெயரை அழுத்தினேன். பின்னால் மிஷின் இரைச்சல்.

"அண்ணாச்சி? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன. இது மாட்டு விசயம்."

"அதான் அடுத்த மாசத்தோட முடியுதே."

"அதாம்லே கேக்கேன். விக்கும்போது அது சினையா இருந்துச்சா இல்லையா?"

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"சினை மாட்ட எட்டாயிரத்துக்குத் தள்ளிவிட்டுட்டு வந்து நின்னுருக்கே" என்றேன். "கன்னுக்கு யாருலே பதில் சொல்லுவா? வாரத்துக்கு விட்டா கன்னுலயும் பாதி உண்டும்லா."

இரைச்சல் குறைந்தது, எங்கேயோ வெளியே நடந்து வந்திருப்பான்.

"கெடேரியா, காளையா?" என்று கேட்டான்.

"கெடேரி."

"அப்ப வெல கூடத்தான் இருக்கும். நீங்களே சொல்லுங்க."

"மூவாயிரம்."

"பொறந்த கன்னுக்கு மூவாயிரமா? இது பகல்கொள்ளையால்லா இருக்கு."

"செல்லம்மாக்காட்ட கேட்டுப் பாரு."

"சரி, சரி. ஆனா இனிமே மாசம் நூறுதான் தருவேன்."

"நூறு போதும். பையப் பையத் தா."

"நல்லாத் திங்கியளா, அண்ணாச்சி?"

"நீ?"

"இங்கன கேண்டீன்ல எல்லாம் போடுதாங்க. எலதான் இல்ல."

அந்தப் பொரியலில் என்ன போடுவாய் என்று கேட்டேன். தேங்காய்ப்பூவும் ஒரு பல் பூண்டும் தட்டிப் போட்டால் கசப்புத் தெரியாது என்றான். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. மாட்டுக்கு என்று நானும் சொல்லவில்லை.

கன்றில் என் பங்கு ஆயிரத்து ஐந்நூறு. மாட்டில் நிற்பது இருநூறு. ஆக அவன் எனக்கு இன்னும் தர வேண்டியது ஆயிரத்து எழுநூறு ரூபாய்.